அல்பாகா ரோமம் நூலாவது எப்படி? 2 கிலோ கொடுத்தால் 1.3 கிலோ திரும்பும்... சின்ன மில்லுக்குள் என்ன நடக்கிறது?

அல்பாகாவின் உடம்பிலிருந்து ரோமத்தைக் கத்தரித்து எடுக்க, கைதேர்ந்த ஆளுக்கு 10 நிமிஷம் போதும். அதே ரோமம் நூலாக மாறி, வளர்த்தவர் கைக்குத் திரும்ப 6 மாதம் ஆகலாம். மில்லில் வரிசை நீளமாக இருந்தால் ஒரு வருஷம்கூட ஆகும். திரும்பி வரும்போது அனுப்பிய எடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஆனா கூலி மட்டும், பல மில்களில், அனுப்பிய எடைக்குத்தான்.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த இழைக்குள் இருக்கும் பிரச்சினை அது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் பத்து இருபது அல்பாகா வைத்திருக்கும் சிறு பண்ணைக்காரர்களுக்கு லாபமா நஷ்டமா என்பதே இந்த மில்லுக்குள் ரோமம் படும் பாட்டைப் பொறுத்துத்தான் இருக்கிறது. படிப்படியாகப் பார்க்கலாம்.

அல்பாகா யார் வீட்டுப் பிள்ளை?

ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் திமில் கிடையாது; உயரத்தில் நம்ம ஊர் பெரிய ஆட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மேட்டு நிலங்கள்தான் சொந்த ஊர். விக்குன்யா என்ற காட்டு விலங்கைப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பழக்கி, வீட்டு விலங்காக்கி, அல்பாகாவாக மாற்றினார்கள் அங்குள்ள மக்கள். அதன் சொந்தக்காரரான லாமா சுமை தூக்குவதற்கு, அல்பாகா ரோமத்துக்கு. இன்றும் உலக அல்பாகாக்களில் பெரும்பகுதி பெரு நாட்டில்தான் இருக்கிறது.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஹுவாகாயா என்பது பஞ்சு பொம்மை மாதிரி புசுபுசுவென இருப்பது. சூரி என்பது சடை சடையாக, பட்டு போன்ற பளபளப்போடு ரோமம் தொங்குவது. பத்தில் ஒன்பது ஹுவாகாயாதான். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

பெரிய மில்லிடம் ஏன் கொடுக்க முடியாது?

பெருவில் இதற்கென்று ஒரு பெரிய தொழிலே இருக்கிறது. மலை மேட்டில் மேய்ப்பவர்கள் ரோமத்தை எடை போட்டு விற்கிறார்கள். அது கைமாறி கைமாறி அரெகிப்பா நகரத்துக்கு வருகிறது. அங்கே 1931-ல் தொடங்கப்பட்ட மிச்செல் போன்ற நிறுவனங்களில், அனுபவமுள்ள பெண்கள் உட்கார்ந்து, ரோமத்தை விரலால் தொட்டுப் பார்த்தே மென்மை வாரியாகப் பிரிக்கிறார்கள். அதன்பிறகு எல்லாமே டன் கணக்கு. எந்த ரோமம் எந்த விலங்கினுடையது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

வட அமெரிக்காவின் கதை வேறு. 1984-ல் இருந்து அல்பாகாக்கள் அங்கே கணிசமாக இறக்குமதியாயின. விரைவிலேயே அது ஒரு முதலீட்டு மோகமாக மாறியது. ரோமத்துக்காக இல்லை, குட்டி போட்டு விற்பதற்காக. நம்ம ஊர் ஈமு கோழி ஞாபகம் வருகிறதா? 2007-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் டினா சைட்டோன், ரிச்சர்ட் செக்ஸ்டன் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஒரு அல்பாகா அதன் ஆயுள் முழுக்கத் தரும் ரோமத்தின் மதிப்பை வைத்துப் பார்த்தால், விலங்குக்குக் கொடுக்கப்படும் விலை கொஞ்சமும் பொருந்தவில்லை, இது ஊக வணிகக் குமிழி என்பதே அவர்கள் வாதம். குமிழி பிறகு உடையவும் செய்தது.

விலங்கு விற்காது என்றானதும் மிஞ்சியது ரோமம் மட்டும்தான். அதுவரை வருஷா வருஷம் கத்தரித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, கொட்டகையில் போட்டு வைத்திருந்த ரோமம். அதை நூலாக்க வேண்டும் என்றால் யாரிடம் போவது? பெரிய மில்லின் இயந்திரத்தை நிரப்பவே ஒரு சிறு பண்ணையின் மொத்த ரோமமும் போதாது. அதிலும் ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு, ஒன்று கருப்பு. பெருவில் அல்பாகாவின் இயற்கை நிறங்களை 22 வகையாகப் பிரிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'மினி மில்'. ஒரு பெரிய ஷெட்டுக்குள் அடங்கிவிடக்கூடிய குட்டி இயந்திரங்கள். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் உள்ள பெல்ஃபாஸ்ட் மினி மில்ஸ் இந்த இயந்திரங்களை வடிவமைத்து விற்றதில் பெயர் பெற்ற நிறுவனம். அயர்லாந்து பெல்ஃபாஸ்ட் இல்லை, இது தீவில் இருக்கும் சின்ன ஊர். இத்தாலியின் ரமெல்லா நிறுவனமும் இப்படிச் சிறு இயந்திரங்களைச் செய்கிறது. இவற்றை வைத்திருக்கும் மில்லில், ஒரே ஒரு விலங்கின் ரோமத்தைத் தனியாக நூற்றுத் தரச் சொல்லலாம்.

மில்லுக்குப் போகும் முன்பே பாதி கதை முடிந்துவிடும்

கத்தரிப்பு வருஷத்துக்கு ஒருமுறை, கோடை வெயில் ஏறுவதற்கு முன். விலங்கைப் பாயில் படுக்கவைத்து, கால்களை முன்னும் பின்னும் கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மின் கத்தரியை ஓட்டுவார்கள். பார்க்கக் கொஞ்சம் கொடூரமாகத் தெரியும். ஆனால் துள்ளினால் கத்தரி தோலில் பட்டுவிடும் என்பதால் இதுதான் அதற்குப் பாதுகாப்பு.

உடம்பு முழுக்க ஒரே தரமான ரோமம் கிடைக்காது. முதுகும் விலாவும் முதல் தரம். அந்தப் பகுதி ஒரு போர்வை மாதிரி மொத்தமாகக் கழன்று வருவதால் அதற்கு 'பிளாங்கெட்' என்றே பேர். கழுத்து இரண்டாம் தரம். கால், வயிறு மூன்றாம் தரம், சொரசொரவென்று இருக்கும். மூன்றையும் தனித்தனிப் பையில் போட வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால், நல்ல ரோமமும் கெட்டது.

கத்தரிப்பவரின் கை முக்கியம். ஒரே இழுப்பில் தோலை ஒட்டி வெட்டிவிட வேண்டும். மேலாக வெட்டிவிட்டு, 'கொஞ்சம் மிச்சம் இருக்கே' என்று அதே இடத்தில் மறுபடி கத்தரியை ஓட்டினால், அரை அங்குலத் துணுக்குகள் விழும். இவைதான் பின்னால் நூலில் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்வெட்டரில் உருண்டை உருண்டையாகத் திரள்வதற்கும் இது ஒரு காரணம்.

அடுத்தது 'ஸ்கர்ட்டிங்'. கம்பி வலை போட்ட மேசையில் ரோமத்தை விரித்து உதறுவார்கள். மண்ணும் துணுக்கும் வலை வழியாகக் கீழே கொட்டும். வைக்கோல், ஒட்டு முள், புழுக்கை, திரிந்த ரோமம் இதையெல்லாம் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். அல்பாகாவுக்கு மண்ணில் புரள்வது என்றால் உயிர். அதனால் பார்க்க வெள்ளைவெளேர் என்று இருக்கும் ரோமத்தை உதறினால்கூடத் தூசி மேகமாகக் கிளம்பும்.

இந்த வேலையைப் பண்ணைக்காரர்தான் செய்ய வேண்டும். இங்கேதான் பணம் மிச்சமாவதும் வீணாவதும். வந்த எடைக்குக் கூலி வாங்கும் மில்லுக்கு, நீங்கள் விட்டுவைத்த ஒவ்வொரு புழுக்கைக்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறீர்கள்.

இழையின் நீளத்தையும் மில் பார்க்கும். சுமார் 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் நூற்பது கஷ்டம். இரண்டு வருஷம் கத்தரிக்காமல் விட்டு நீளமாக வளர்ந்துவிட்டாலும் பிரச்சினை, உருளைகளில் சுற்றிக்கொள்ளும். கடைசியாக ஒரு சோதனை: ஒரு கொத்தை எடுத்து இரு முனையையும் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார்கள். நறநறவென்று சத்தம் வந்தால் இழை பாதியில் அறுகிறது என்று அர்த்தம். அந்த வருஷம் விலங்குக்கு நோயோ தீவனக் குறைவோ வந்திருக்கலாம். அப்படிப்பட்ட ரோமத்தை இயந்திரத்தில் விட்டால் துகளாகத்தான் வெளியே வரும்.

அலசல்: கையை வைக்காமல் துவைக்க வேண்டும்

செம்மறி ஆட்டு ரோமத்தில் லனோலின் என்ற பிசுக்கு ஏராளம். அதை எடுக்கவே பாடாய்ப் பட வேண்டும். அல்பாகாவில் அந்தப் பிசுக்கு மிகக் குறைவு, பிரச்சினை மண்தான். வலைப் பைகளில் ரோமத்தைப் போட்டு, சோப்பு கலந்த சூடான நீரில் ஊறவைப்பார்கள். நன்றாகக் கவனியுங்கள், ஊறவைப்பார்கள். கசக்கக் கூடாது, அலைக்கவும் கூடாது. சூடும் உரசலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, கம்பளித் தகடாகிவிடும். ஸ்வெட்டரைத் தெரியாமல் வாஷிங் மெஷினில் போட்டுச் சுருக்கியவர்களுக்கு இது புரியும். பிறகு அலசல், நீரைச் சுழற்றி வடித்தல், வலைத் தட்டுகளில் உலர்த்தல்.

யார் பிரிப்பார் அந்த முரட்டு முடியை?

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அல்பாகா ரோமத்தில் இரண்டு விதமான இழைகள் கலந்து கிடக்கின்றன. மென்மையான உள் ரோமம் ஒன்று. அதனூடே நேராக, தடித்து, விறைப்பாக நீண்டிருக்கும் முரட்டு முடி இன்னொன்று. இழையின் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருவின் தரநிலைப்படி 23 மைக்ரானுக்கு மிகாத ரோமம்தான் 'பேபி அல்பாகா'. கடையில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, 'ஐயோ குட்டியோட முடியா' என்று பதற வேண்டாம். வயதான விலங்கின் ரோமமும் அந்த மென்மையில் இருந்தால் பேபிதான். அது வயதைக் குறிக்கும் சொல்லே இல்லை.

கழுத்தில் போட்டால் அரிக்குமா என்பதைத் தீர்மானிப்பது சராசரி மென்மை மட்டும் அல்ல. 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் முனை, தோலில் குத்தினால் வளையாது. இப்படிப்பட்டவை 100 இழைக்கு 5 இருந்தாலே பலருக்கு அரிப்பு தெரிய ஆரம்பிக்கும் என்பது ஆடைத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆக, மீதி 95 பட்டு மாதிரி இருந்தும் பயனில்லை. வாங்கியவர் ஒருமுறை சொறிந்துகொண்டால் அடுத்த முறை வரமாட்டார்.

இந்த முரட்டு முடியை விலக்குவதற்குத்தான் 'டீஹேரிங்'. முதலில் 'பிக்கர்' என்ற இயந்திரம், திரண்டு கிடக்கும் ரோமத்தைப் பற்களால் பிரித்துப் பஞ்சு போலத் தளர்த்தும். அப்போதே லேசாக எண்ணெயும் நீரும் தெளிப்பார்கள். இல்லையென்றால் நிலை மின்சாரம் ஏறி, ரோமம் எழும்பிப் பறந்து இயந்திரமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பனிக்காலத்தில் காற்று வறண்டு போகும் ஊர்களில் மில்காரர்களுக்கு இது தினசரித் தலைவலி. ஷெட்டுக்குள் ஈரப்பதத்தைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு ரோமம், பற்கள் வைத்த உருளைகளின் வரிசைக்குள் போகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். மெல்லிய, சுருள் உள்ள இழைகள் பற்களோடு ஒட்டிக்கொண்டு அடுத்த உருளைக்குப் போகும். விறைப்பான முடி ஒட்டாமல் கீழே உதிரும். தத்துவம் முறத்தில் புடைப்பது மாதிரிதான். ஆனால் ஒரு தடவையில் முடியாது. இரண்டு, மூன்று தடவை விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முரட்டு முடியோடு கொஞ்சம் நல்ல இழையும் போகும், சில இழைகள் அறுந்து குட்டையாகும். எத்தனை தடவை விடுவது என்பதுதான் மில்காரரின் தீர்மானம். குறைத்தால் நூல் குத்தும். கூட்டினால் எடை போகும், நூலும் பலவீனமாகும். இந்த இயந்திரம் இல்லாத சின்ன மில்களும் உண்டு. ரோமம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

சீப்பு, திரி, முறுக்கு

இனி வரும் வேலைகளின் பெயர்கள் கோவை, ராஜபாளையம் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்களுக்குப் பழக்கமானவை. கார்டிங், ஸ்லைவர், டிராஃப்டிங், ஸ்பின்னிங். பஞ்சானாலும் ரோமமானாலும் வரிசை ஒன்றுதான்.

கார்டிங் இயந்திரத்தில் மெல்லிய கம்பிப் பற்கள் பதித்த பெரிய உருளையும், அதைச் சுற்றிச் சின்ன உருளைகளும் இருக்கும். சிக்கலான இழைகளை இவை சீவிச் சீவி ஒரு மெல்லிய வலையாக்கும். அந்த வலை குவிந்து, கயிறு மாதிரி நீண்ட திரியாக வெளியே வரும். அதுதான் ஸ்லைவர். பஞ்சிலிருந்து இப்படிச் செய்த திரிக்குப் பழந்தமிழில் பனுவல் என்று பெயர்; அந்தச் சொல் பிறகு புத்தகத்துக்கும் போய்ச் சேர்ந்தது தனிக்கதை.

நிறப் பிரச்சினை எழுவதும் இங்கேதான். கருப்பு ரோமம் ஓடிய இயந்திரத்தில் அடுத்து வெள்ளையை விட்டால், பற்களில் தங்கிய கருப்பு இழைகள் வெள்ளை நூலில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் வெள்ளையில் தொடங்கி, பழுப்புக்குப் போய், கருப்பில் முடிப்பார்கள். பிறகு மொத்தமாகச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் ரோமத்தையும் தனியாக ஓட்டுவதால் நடுநடுவே இந்தச் சுத்தம் தவிர்க்க முடியாதது. சின்ன மில்லின் கூலி ஏன் அதிகம், வரிசை ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்பதற்கெல்லாம் பெரிய காரணம் இதுதான்.

அடுத்து டிரா ஃப்ரேம். இரண்டு மூன்று திரிகளைச் சேர்த்து ஊசிப் பற்களுக்கு நடுவே இழுத்து ஒன்றாக்கும். ஒன்றின் மெலிவை இன்னொன்றின் தடிப்பு ஈடுகட்டும். இழைகளும் ஒரே திசையில் படியும்.

அதன் பிறகே நூற்பு. நம்ம ஊர்ப் பருத்தி மில்லில் ஒரே ரிங் ஃப்ரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் சுற்றும். மினி மில்லின் நூற்பு இயந்திரத்தில்? 4 அல்லது 8. அவ்வளவுதான். அந்த எட்டுக் கதிரிலும் நூல் அறுந்தால் ஓடி வந்து முடிய ஒரு ஆள் நிற்க வேண்டும்.

முறுக்கின் அளவும் நுட்பமான விஷயம். அல்பாகா இழை வழுவழுப்பானது. முறுக்கு குறைந்தால் இழைகள் நழுவி, நூல் உதிரும். அதிகமானால் கம்பி மாதிரி ஆகி, அந்த மென்மைக்காகப் பட்ட பாடெல்லாம் வீண். ஒற்றை நூல்கள் இரண்டையோ மூன்றையோ சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கினால் இரட்டை இழை, மூன்று இழை நூல் கிடைக்கும். ஒரு முறுக்கு மற்றொன்றைச் சமன் செய்வதால் நூல் சுருட்டிக்கொள்ளாது. நீராவி காட்டி முறுக்கை நிலைநிறுத்தி, கோனிலோ சிட்டமாகவோ சுற்றித் தருவார்கள்.

சுத்த அல்பாகா நூலுக்கு ஒரு குறை உண்டு. செம்மறி ரோமம் மாதிரி இழுத்தால் திரும்பிச் சுருங்கும் தன்மை அதில் குறைவு. முழு அல்பாகாவில் பின்னிய கனமான ஸ்வெட்டர், மாட்டி வைத்தால் தன் எடையிலேயே நீண்டுகொண்டு போகும். அதனால் பல மில்கள் கொஞ்சம் மெரினோ ரோமத்தைக் கலக்கச் சொல்லும். சாக்ஸ் என்றால் நைலானும் சேரும். கலப்படம் என்று நினைக்க வேண்டாம், இந்த இழைக்கு அது தேவைதான். சூரி ரக ரோமத்துக்குச் சுருளே இல்லாததால் இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

இழைக்கு ஏற்ப வழியை மாற்றுவது புதிதும் அல்ல. 1836-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் வாங்க ஆளில்லாமல் கிடந்த அல்பாகா மூட்டைகளை பிராட்ஃபோர்டு வியாபாரி டைட்டஸ் சால்ட் வாங்கினார். பருத்தி நூலைப் பாவாகவும் அல்பாகாவை ஊடையாகவும் போட்டு நெய்ததில்தான் அவருக்கு வெற்றி வந்தது. அந்தப் பணத்தில் அவர் எழுப்பிய ஆலையும் ஊரும், 1853-ல் திறக்கப்பட்ட சால்ட்டேர், இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒரு விலங்கிடமிருந்து 3 கிலோ கத்தரிக்கிறோம் என்று வையுங்கள். கால், வயிற்று ரோமத்தை ஒதுக்கி, ஸ்கர்ட்டிங் முடித்தால் 2 கிலோ மில்லுக்குப் போகும். அலசலில் மண் போய் 1.75 கிலோ. டீஹேரிங்கில் 15 சதவீதம் போனால் சுமார் 1.5 கிலோ. கார்டிங்கிலிருந்து நூற்பு வரை இன்னொரு 10 சதவீதம். கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 1.3 கிலோ, அதாவது 100 கிராம் சிட்டம் 13. ரோமம் கவனமாகத் தயார் செய்யப்பட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு. இல்லையென்றால் பாதிகூடத் தேறாமல் போகலாம்.

இந்த 13 சிட்டங்களின் விலையில் மில் கூலி, அனுப்பும் செலவு, கத்தரிப்புக் கூலி, ஒரு வருஷத் தீவனம் எல்லாம் அடங்க வேண்டும். பெருவிலிருந்து டன் கணக்கில் வரும் நூலோடு விலையில் போட்டி போட இவர்களால் முடியாது. அதனால்தான் சந்தையில் விற்கும்போது சிட்டத்தின் சீட்டில் விலங்கின் பெயரையும் படத்தையும் போடுகிறார்கள். சாயம் போடாத இயற்கை நிறத்தையும் முன்னிறுத்துகிறார்கள். சாயத்துக்கு வசதி என்று பெருவின் தொழில் வெள்ளையையே அதிகம் விரும்பியதால், அங்கே நிற விலங்குகள் குறைந்துபோயின. சிறு பண்ணைகளுக்கு அது ஒரு வாய்ப்பு.

தனியாக நூற்க வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, கூட்டாகச் சேர்வது. நியூ இங்கிலாந்து அல்பாகா ஃபைபர் பூல் போன்ற அமைப்புகள் பல பண்ணைகளின் ரோமத்தை வாங்கி மொத்தமாகத் துணியாக்குகின்றன. ரோமம் கொடுத்தவர் சாக்ஸ், கையுறை என்று சரக்காகத் திரும்ப வாங்கி விற்கலாம். செலவு குறைவு. ஆனால் உங்கள் விலங்கின் ரோமம்தான் அந்த சாக்ஸில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கால், வயிற்று ரோமம்? அதற்கும் வழி உண்டு. பருத்தி அல்லது சணல் கயிற்றை நடுவில் விட்டு, அதன்மேல் இந்த முரட்டு ரோமத்தைச் சுற்றித் தடித்த நூலாக்கித் தரைவிரிப்பு நெய்கிறார்கள். காலணிக்குள் போடும் தகடு, துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் பந்து என்றும் ஆகிறது. எதற்கும் ஆகாதது தோட்டத்துச் செடியடியில் ஈரம் காக்கப் போகும். பண்ணைக்காரர்கள் சிலர் இந்தத் தரைவிரிப்பு நூல்தான் சீக்கிரம் விற்கிறது என்பார்கள்; டீஹேரிங் செலவே இதற்குக் கிடையாது.